பழைய ரெகுலேற்றர் கையில் கிடைத்தால்: திருத்துவதா, அனுப்புவதா, புதிது வாங்குவதா?

வடக்கில் பழைய டைவிங் ரெகுலேற்றர்கள், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தருகிற கருவிகள், எதிர்பாராத இடங்களில் இருந்து வெளியே வருகின்றன. சங்கும் கடலட்டையும் எடுத்த காலத்தில் வாங்கி, கடலுக்குப் போக முடியாமல் போனபோது பரணில் போட்டது ஒன்று. குருநகரிலோ பாசையூரிலோ தொழிலை விட்ட சுழியோடி ஒருவர் சிலிண்டரோடு சேர்த்து விற்பது இன்னொன்று. கனடாவில் இருந்து வரும் மாமா, "ஆரோ வீட்டைக் காலி பண்ணேக்க 20 டொலருக்கு எடுத்தனான்" என்று சூட்கேசின் அடியில் இருந்து இழுத்துத் தருவது மூன்றாவது. எந்த வழியால் வந்தாலும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இது இன்னும் ஓடுமோ?"

பெரும்பாலும் ஓடவைக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கையில் இருக்கிற காசுக்கு, அது சரிவருமா என்பது வேறு கேள்வி. நாமே கழற்றிப் பூட்டலாம். கொழும்புக்கோ திருகோணமலைக்கோ அனுப்பலாம். அதை விட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். மினுக்கி அலுமாரியிலும் வைக்கலாம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த மொடலுக்குச் சீட்டும் (காற்றை அடைத்துப் பிடிக்கிற பாகம்) டயபிரமும் (றப்பர்த் தட்டு) இன்றைக்கும் வாங்க முடியுமா, பூட்டிய பிறகு அழுத்தத்தை அளந்து பார்க்க ஆளும் கருவியும் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் 1970களின் பித்தளையும் நல்ல பித்தளைதான். ஒன்றுக்கு இல்லை என்றாலும், போன வருடம் வாங்கியதாக இருந்தாலும் அதோடு தண்ணீருக்குள் போகக் கூடாது.

உள்ளே என்ன பழசாகிறது

ரெகுலேற்றரில் இரண்டு பகுதி. சிலிண்டர் வாயில் பூட்டுகிற பித்தளைக் கட்டி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். வாயில் கடிக்கிற பகுதி செகண்ட் ஸ்டேஜ். சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தத்தில் இருக்கிற காற்றை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் 9, 10 பாருக்கு இறக்குகிறது. அதுவும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்கு மேலே 9, 10 பார். ஆழம் போகப் போக அதுவும் சேர்ந்து கூடும். இதை இடையழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் செகண்ட் ஸ்டேஜ் திறந்து, அந்தக் காற்றை வாய்க்கு ஏற்ற அளவில் விடுகிறது.

இதில் பித்தளைக்கு வயது போவது குறைவு. உப்புத் தின்னாமல் காய்ந்து கிடந்தால் 50 வருடமும் தாங்கும். வயது போவது றப்பருக்கும் பிளாஸ்ரிக்குக்கும்தான்: ஓ-றிங் என்கிற கசிவு தடுக்கும் றப்பர் வளையம், டயபிரம், மூச்சு வெளியேறுகிற காளான் வால்வு, குழாய்கள், அழுத்தத்தை அடைத்துப் பிடிக்கிற சீட். பாவிக்காமல் வைத்த பிரஷர் குக்கரின் வாஷர் இறுகிப்போவது மாதிரி, இவையும் சும்மா கிடந்தே கெடும். ஆகவே "ஒரே ஒருக்காத்தான் பாவிச்சது" என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். பாவித்துக் கழுவி வைத்ததை விட, பாவிக்காமல் 30 வருடம் கிடந்ததில் றப்பர் மோசமாக இருக்கலாம்.

உங்களிடம் இருப்பது எது

முடிவின் பாதி இங்கேயே வந்துவிடுகிறது.

கழுத்துக்குப் பின்னால் பெரிய வட்டப் பெட்டியும், இரண்டு பக்கமும் நெளிகுழாயும் இருந்தால் அது இரட்டைக் குழாய் வகை. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் செய்த அக்வா-லங்கின் வம்சம். ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் திருகோணமலை சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டது இந்த வகை கோலோச்சிய காலத்தில். 1955இல் வந்த பிரெஞ்சு மிஸ்ட்ரால் இதில் பேர்போனது. ஒரே கட்டத்தில் அழுத்தத்தை இறக்குவதால் உள்ளே பாகங்கள் மிகக் குறைவு. குமிழி முகத்துக்கு முன்னால் வராமல் முதுகுப் பக்கத்தால் போவதால் மீன்கள் பயப்படாது, படம் பிடிக்கிறவர்களுக்கு இன்றும் இதில் ஒரு மோகம். ஆனால் பெட்டி முதுகில் இருப்பதால் நீங்கள் திரும்புகிற நிலைக்கு ஏற்ப மூச்சு இலகுவாகும், கடினமாகும். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜுக்கும், பீசிடிக்குக் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற காற்றுச் சட்டை) காற்று ஏற்றும் குழாய்க்கும் பழைய வகைகள் பலவற்றில் துளையே இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே சிலிக்கோன் டயபிரமும் நெளிகுழாயும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆகவே உயிர்கொடுக்கலாம். முதல் ரெகுலேற்றராக இது வேண்டாம். நன்றாக மூழ்கத் தெரிந்தவருக்கு, இரண்டாவதாக, ஆசைக்கு.

ஒற்றைக் குழாய் வகையில் நம் பக்கம் கண்ணில் படக்கூடியவை இரண்டு குடும்பம். ஸ்கூபாப்ரோ மார்க் 5, மார்க் 10, மார்க் 2 மாதிரியானவை பிஸ்டன் வகை. யூ.எஸ். டைவர்ஸ் கொன்ஷெல்ஃப் மாதிரியானவை டயபிரம் வகை. மார்க் 5 1970இல் வந்தது. மார்க் 2 என்ற பெயரில் இன்றைக்கும் புதிது விற்கிறார்கள். கொன்ஷெல்ஃபுக்கும் சீட், டயபிரம் இன்னும் கிடைக்கின்றன. இவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள், திருத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

பிஸ்டனா டயபிரமா என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக் கடலுக்கு நான் டயபிரம் பக்கம்தான். பிஸ்டன் வகையில் ஸ்பிறிங் இருக்கிற அறைக்குள் கடல்நீர் நேரே போய் வரும். வெள்ளவத்தை றெஸ்ரோறன்ற் மீன்தொட்டி மாதிரித் தெளிந்த தண்ணீரில் அது பிரச்சினை இல்லை. நமது பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழம், அடியில் சேறும் மணலும், காற்று எழும்பினால் எல்லாம் கலங்கும். அந்தச் சேறு ஸ்பிறிங்கின் சுருளுக்குள் படிந்து, பிஸ்டனின் ஓ-றிங்கைத் தேய்க்கும். டயபிரம் வகையில் ஒரு றப்பர்த் தட்டு கடலை வெளியே நிறுத்திவிடுகிறது. உள்ளே முக்கியமான பாகங்கள் உலர்ந்தே இருக்கும். ஆனால் பிஸ்டன் வகையில் அசையும் பாகம் ஒன்றுதான், கழற்றிப் பூட்டுவது சுலபம். அடிக்கடி கழுவுகிறவர், வருடத்துக்கு ஒருமுறை திறக்கிறவர் என்றால் மார்க் 5ஐத் தாராளமாக வைத்திருக்கலாம்.

பெயரே அழிந்துபோன, எந்தக் கம்பனி என்று தெரியாதவையும் வரும். அவற்றில் செகண்ட் ஸ்டேஜைத் திறந்து பாருங்கள். ஒரு தண்டு சாய்வதால் திறக்கிற பழைய சாய்வு வால்வு என்றால் கவனம். இன்றைய செகண்ட் ஸ்டேஜ்களில் இடையழுத்தம் எல்லை மீறினால் காற்று வாய்ப்பக்கத்தால் தானாகவே சீறி வெளியேறும், அதுவே ஒரு பாதுகாப்பு. சாய்வு வால்வில் அழுத்தம் கூடக்கூட வால்வு இன்னும் இறுக மூடும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு இல்லாவிட்டால் குழாய்தான் வெடிக்க வேண்டும். இப்படியானதற்குச் சரியான இடம் அலுமாரி.

காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியவை

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழைகிற வாயைப் பாருங்கள். அங்கே சிறிய உலோக வடிகட்டி ஒன்று இருக்கும். அந்த ரெகுலேற்றரின் சரித்திரம் முழுக்க அதில்தான் எழுதியிருக்கிறது. சாம்பல் நிறமாகவோ மங்கிய வெண்கல நிறமாகவோ இருந்தால் நல்லது. பச்சை என்றால் உள்ளே கடல்நீர் போயிருக்கிறது, தூசி மூடியைப் பூட்டாமல் வாளிக்குள் போட்டிருக்கிறார்கள். செம்மண் நிறம் என்றால் உள்ளே துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரோடு பாவித்திருக்கிறார்கள். கறுப்பு என்றால் கொம்பிரசர் எண்ணெயையும் கரியையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது. அட்டைத் தொழிலில் ஓடி ஓய்ந்தவற்றில் இந்தக் கறுப்பைக் கவனித்துப் பாருங்கள். அது ரெகுலேற்றரின் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களை நினைத்தால் மனம் கனக்கும்.

அடுத்தது, தூசி மூடியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வாயால் இழுத்துப் பாருங்கள். காற்று வரக் கூடாது. நாக்கை வைத்து அடைத்தால் வெற்றிடம் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் காற்று உள்ளே வந்தால் டயபிரத்தில் ஓட்டை, அல்லது காளான் வால்வு இறுகிச் சுருண்டிருக்கிறது. இரண்டுமே மலிவான பாகங்கள். ஆகவே பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழாய்களில், உலோகப் பூண் பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் றப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்துவிட்டு வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வெடிப்பு இல்லாவிட்டாலும் வயது தெரியாத குழாயை மாற்றுவதே என் வழக்கம்.

பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அது அழுக்கு இல்லை. பித்தளையில் இருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிச்சம் நிற்கிறது, உலோகமே பலம் இழந்துவிட்டது. பச்சைக் களிம்பு அப்படி இல்லை, கழுவினால் போகும்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சிலிண்டரோடு பிடிக்கிற ஏ-கிளாம்பை உங்கள் சிலிண்டர் வால்வில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மிகப் பழைய கிளாம்புகள் ஒடுக்கமானவை, இன்றைய வால்வின் தடித்த கழுத்துக்குள் போகாது. போனாலும் அந்தக் காலத்துச் சிலிண்டர் அழுத்தத்துக்குச் செய்தவை அவை. இன்றைய அலுமினியச் சிலிண்டர் 207 பார் வரை நிரப்புவது.

பழைய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இப்போதெல்லாம் கேஜ் பூட்டுகிற உயர் அழுத்தத் துளை பதினாறில் ஏழு அங்குல மரை, மற்றத் துளைகள் எட்டில் மூன்று அங்குலம். மாறிப் பூட்டவே முடியாது. பழையவற்றில் இரண்டும் எட்டில் மூன்று. பீசிடியின் குழாயைத் தெரியாமல் உயர் அழுத்தத் துளையில் பூட்டி சிலிண்டரைத் திறந்தால் 10 பாருக்குச் செய்த குழாய்க்குள் 200 பார் போகும். திறப்பதற்கு முன் எது எந்தத் துளை என்று சிவப்பு நகப்பூச்சால் அடையாளம் போட்டுவிடுங்கள்.

நாமே கழற்றிப் பூட்டினால்

கை வேலை தெரிந்தவருக்கு இது சுகமான வேலை. மோட்டார் பம்ப் திருத்தியவர், கார்புரேற்றர் கழுவியவர் என்றால் கை பழகியிருக்கும். ஆனால் பம்ப் பழுதானால் தோட்டத்துக்குத்தான் தண்ணீர் வராது. அந்த வேறுபாட்டை ஒவ்வொரு திருகிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பாகப் பொதி தான் முதல் தடை. கம்பனிகள் சேர்விஸ் பொதியை அனுமதி பெற்ற கடைகளுக்குத்தான் கொடுக்கும். பிரபலமான பழைய மொடல்களுக்கு வேறு ஆட்கள் செய்கிற பொதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு இது மலிவான வழி, ஏனென்றால் ஒரு பொதி உள்ளங்கைக்குள் அடங்கும். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ கோயில் திருவிழாவுக்கு வருகிறவரின் பையில் அது ஒரு பாரம் இல்லை. ஓ-றிங்கை மட்டும் இங்கே ஹாட்வெயார் கடையில் பொருத்தம் பார்த்து வாங்கலாமா என்று கேட்பார்கள். செகண்ட் ஸ்டேஜுக்கு, அளவும் நைற்றைல் றப்பர் என்பதும் உறுதியானால், சரி. 200 பார் நிற்கிற இடத்துக்கு வேண்டாம். அங்கே கடினத்தன்மை 90 உள்ள ஓ-றிங் வேண்டும், கடைக்காரரின் பெட்டியில் கிடப்பது பெரும்பாலும் 70.

அடுத்தது சுத்தம். பாகங்களைக் கழற்றி, றப்பரையும் பிளாஸ்ரிக்கையும் ஒதுக்கிவிட்டு, குரோம் பூசிய பித்தளையை வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து 10, 15 நிமிடம் ஊறவிடுங்கள். களிம்பு நுரைத்துக்கொண்டு கழரும். இரவு முழுக்க விட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம், குரோமுக்குக் கீழே அமிலம் புகுந்து பூச்சே உரிந்து வரும். பிறகு அப்பச்சோடாக் கரைசலில் ஒரு அலசல், பழைய பல் பிரஷால் மரைகளைத் தேய்த்தல். கஸ்தூரியார் வீதியில் நகை செய்பவர் யாரையாவது பழக்கம் என்றால், அவர்களிடம் நகை கழுவுகிற அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷ் போகாத துளைகளுக்குள் அது போகும்.

கடைசி அலசலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உதவாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும், கடலோரத்தில் உவரும் சேரும். வினாகிரியில் கழுவிய அதே சுண்ணாம்பை நாமே திரும்பப் பூசினதாக முடியும். வடிகட்டிய குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்குங்கள், அல்லது மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் கடலில் இருந்து வந்து கழுவுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கழுவி முடிந்ததும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. பிஸ்டன் வகையில் பிஸ்டன் தண்டின் நுனி கத்தி முனை போலக் கூரான வட்டமாக இருக்கும். அது பிளாஸ்ரிக் சீட்டில் அழுந்தித்தான் 200 பாரை நிறுத்துகிறது. டயபிரம் வகையில் கூரான விளிம்பு ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடம்பிலேயே இருக்கும், சீட் அதில் வந்து அழுந்தும். இந்த விளிம்பை நகை வேலை செய்பவர் கண்ணில் பொருத்துகிற உருப்பெருக்கிக் கண்ணாடியால், வெளிச்சத்துக்குக் கீழே மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒரே மெல்லிய கோடாக மினுங்க வேண்டும். ஓர் இடத்தில் மினுக்கம் அறுந்து கறுப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே பல் விழுந்திருக்கிறது. புதுச் சீட் போட்டாலும் காற்று கசியும். பிஸ்டன் என்றால் பிஸ்டனையே மாற்றலாம். உடம்பிலேயே இருக்கிற விளிம்பு என்றால், மாற்றக்கூடிய மொடலா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அலுமாரிதான். இந்தப் பல் பெரும்பாலும் யாரோ இரும்பு ஊசியால் ஓ-றிங் தோண்டி எடுத்ததால் வருவது. பித்தளையிலோ பிளாஸ்ரிக்கிலோ செய்த ஊசி மட்டும் பாவியுங்கள்.

கிறீஸ் சிலிக்கோன் கிறீஸ்தான், அதுவும் ஓ-றிங் ஈரமாகத் தெரிகிற அளவுக்கு மட்டும். வாசலீன், எஞ்சின் ஒயில், தேங்காய் எண்ணெய் எதுவும் கிட்டவே வரக் கூடாது. றப்பரை ஊதவைக்கும், ஒட்சிசன் கூடிய காற்றோடு சேர்ந்தால் தீயும் பிடிக்கும். ஒட்சிசன் சேர்த்த காற்றுக்குப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கென்றே வருகிற கிறீஸும் தனிச் சுத்தமும் வேண்டும். அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

சரி, பூட்டியாயிற்று. இனித்தான் உண்மையான வேலை. பீசிடிக் குழாயின் நுனியில் பூட்டுகிற இடையழுத்தக் கேஜ் ஒன்று வேண்டும். 20, 30 டொலருக்குள் கிடைக்கிற சாமான். சிலிண்டரைத் திறந்து, செகண்ட் ஸ்டேஜின் பொத்தானைச் சில தரம் அமத்தி விடுங்கள். ஊசி ஒவ்வொரு தரமும் விழுந்து, உடனே எழும்பி, ஓரிடத்தில் டக்கென்று நிற்க வேண்டும். மார்க் 5 என்றால் அது 9 பாரைக் கொஞ்சம் தாண்டிய இடம். நின்ற இடத்தில் இருந்து ஊசி மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தால், 9இல் நின்றது ஐந்து நிமிடத்தில் 11க்கு வந்தால், சீட்டோ விளிம்போ பிழை. அந்த ஊர்தல் தண்ணீருக்குள் முதலில் செகண்ட் ஸ்டேஜ் சும்மா குமிழி விடுவதாகத் தெரியும், பிறகு நிற்காமல் சீறும். இந்தக் கேஜ் இல்லாமல், "இழுத்துப் பார்த்தேன், காற்று நல்லா வருகுது" என்று முடிப்பவரிடம் ரெகுலேற்றரைக் கொடுக்காதீர்கள். அவர் நீங்களாகவே இருந்தாலும்.

மார்க் 2 மாதிரி சமநிலைப்படுத்தாத பிஸ்டன் என்றால், நிறைந்த சிலிண்டரிலும் 50 பாருக்கு இறங்கிய சிலிண்டரிலும் இருமுறை அளக்க வேண்டும். சிலிண்டர் குறையக் குறைய இடையழுத்தமும் குறையும் வகை அது. ஓரளவுக்குக் குறைவது அதன் இயல்பு.

செகண்ட் ஸ்டேஜுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். சிலிண்டரைத் திறந்து வைத்து, கடிவாய் மேலே பார்க்கப் பிடித்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். டயபிரத்துக்கு மேலே 2.5 முதல் 4 சென்ரிமீற்றர் தண்ணீர் ஏறுகிற இடத்தில் காற்று சீறத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னரே சீறினால் அதிகம் இளக்கியிருக்கிறீர்கள், மிகவும் பிந்தினால் இழுப்பது கடினமாக இருக்கும்.

அனுப்பினால்

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வீதியால் 400 கிலோமீற்றர் அளவு. ஒரு பார்சல் போகிற தூரம்தான். கிடைக்கிற நன்மை பெரியது: பழகிய கை, கேஜ், சரியான சுழல்விசையில் இறுக்குகிற சாவி. ஆனால் கம்பனியின் அனுமதி பெற்ற கடை தன் கம்பனி மொடல்களைத்தான் தொடும். அதிலும் உதிரிப்பாகம் நிறுத்தப்பட்டவற்றை வேண்டாம் என்று திருப்பிவிடும். ஆகவே அனுப்ப முன்னர் மொடல் பெயரையும், நீங்களே பொதி தந்தால் பூட்டித் தருவார்களா என்பதையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் டைவிங் நடப்பது ஏறத்தாழ மேயில் இருந்து செப்ரெம்பர் வரை. அந்த மாதங்களில் அவர்களுக்குத் தங்கள் வாடகைச் சாமான்களைப் பார்க்கவே நேரம் போதாது. வாடைக் காற்று தொடங்கினால் வேலை தெரிந்தவர்களில் பலர் ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் போய்விடுவார்கள், அங்கே காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னர் கொடுத்தால் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். இடையழுத்தம் எவ்வளவில் நிறுத்தினார்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும். ஓர் இடத்தில் கொடுத்த மார்க் 5 ஒன்று வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கி வந்தது. வாயைத் திறந்து பார்த்தால் வடிகட்டி பச்சையாகவே இருந்தது. மினுக்கத்துக்குத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். பழைய பாகங்களைக் கேட்டால் இந்த விளையாட்டு நடக்காது, கேட்பதில் வெட்கமும் இல்லை.

புதிது வாங்கினால்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய ஒற்றைக் குழாய் ரெகுலேற்றர் ஒன்று சும்மா கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கும் பொதிகள் 50 முதல் 70 டொலர். புதுக் குழாய் 30, 40. கூட வருபவருக்கு மூச்சுக் கொடுக்கிற ஒக்டோபஸ் 80 முதல் 120. பழையவற்றில் அது பெரும்பாலும் இருக்காது. காற்று மிச்சம் காட்டும் கேஜ் 60 முதல் 100. கூட்டினால் 220க்கும் 330க்கும் இடையில். டொலருக்கு 300 ரூபாய் என்று பிடித்தால் 66,000 முதல் ஒரு லட்சத்துக்குக் கிட்ட. வெளிநாட்டில் ஆரம்ப நிலைப் புதுச் செட் ஒன்று ஒக்டோபஸ், கேஜ் எல்லாம் சேர்த்து 350 முதல் 500 டொலர், அதாவது 1,05,000 முதல் 1,50,000 ரூபாய். இங்கே வந்து சேர வரியும் அனுப்புகூலியும் அதற்கு மேலே.

ஆகவே "பழசைத் திருத்தினால் மலிவு" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. ஒக்டோபஸையும் கேஜையும் பிறகு புதுச் செட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்தக் காசு வீணாகாது. ஆனால் மிச்சம் பிடிக்கிற ஒரே நோக்கத்தில் திருத்த இறங்குபவர் இடையில் சலித்துவிடுவார்.

இப்போதுதான் மூழ்கப் பழகுகிறீர்கள் என்றால் எனக்கு இதில் யோசனையே இல்லை, புதிது வாங்குங்கள். முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். தண்ணீருக்குள் முதல் பதற்றம் வரும்போது, "இது அப்பா காலத்துச் சாமான், இப்ப என்ன சத்தம் போடுது" என்று யோசிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. நம் கடல் ஆழம் குறைவுதானே என்றும் சமாதானம் சொல்ல வேண்டாம். நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு ஒன்றரை மீற்றரில் இருந்து மேலே துள்ளினாலே நுரையீரல் கிழியலாம். மூச்சு நின்றுபோனவர் முதலில் செய்வதே மேலே துள்ளுவதுதான்.

அட்டை, சங்குத் தொழிலுக்குப் பாவிக்கிறவர்களுக்கும் நான் புதிதையே சொல்வேன், காரணம் வேறு. ஒரு நாளில் பல சிலிண்டர், மாதக்கணக்கில் தொடர்ந்து. அந்த ஓட்டத்துக்கு அடுத்த கடையில் பாகம் கிடைக்கிற மொடல் வேண்டும். மாமா வரும்வரை சீட்டுக்காகக் காத்திருக்க முடியாது. கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொழிலுக்குப் போவது வேறு சிக்கல், அது இங்கே வேண்டாம்.

மிச்சம் இருப்பது, ஏற்கெனவே மூழ்கத் தெரிந்த, கை வேலையில் விருப்பம் உள்ள, மார்க் 5ஓ கொன்ஷெல்ஃபோ கையில் இருக்கிற ஒருவர். அவருக்கு வேலையைப் பிரிக்கச் சொல்கிறேன். கழற்றுவது, கழுவுவது, விளிம்பைப் பார்ப்பது, செகண்ட் ஸ்டேஜ் பூட்டுவது எல்லாம் வீட்டில். விளிம்பில் பல் தெரிந்தால் மேற்கொண்டு ஒரு சதமும் செலவழிக்காமல் நிறுத்தலாம், அதுவே பெரிய மிச்சம். விளிம்பு நன்றாக இருந்தால் பொதியை வருவித்து, ஃபர்ஸ்ட் ஸ்டேஜை மட்டும் பொதியோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது வருடம், இடையழுத்தக் கேஜும் கையில் வந்து, அவர்கள் எழுதித் தந்த எண்ணை உங்கள் கேஜும் காட்டுகிறது என்றால், அதையும் நீங்களே செய்யலாம். எடுத்த எடுப்பில் முழுதையும் வீட்டில் செய்யலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பவர்களோடும் இல்லை. தன் ரெகுலேற்றரின் உள்ளே ஒருமுறையும் பார்க்காதவர் கடைக்காரரின் மினுக்கத்தை எப்படிச் சோதிப்பார்?

அலுமாரிக்குப் போவதற்கும் ஒரு வேலை இருக்கிறது. காட்சிக்கு வைக்கிற ரெகுலேற்றரின் உள்ளே இருக்கிற சீட்டைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, "பாவிக்க முடியாது" என்று எழுதிக் கட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வருகிற மருமகன் மினுக்கத்தைப் பார்த்துச் சிலிண்டரில் மாட்டாமல் இருப்பதற்காக.

திருத்தியது தண்ணீருக்குப் போகிற முதல் தடவை, எழும்பி நிற்கக்கூடிய ஆழத்தில், பக்கத்தில் வேறு ரெகுலேற்றரோடு ஒருவரை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கிடந்து பாருங்கள். தலைகீழாக, பக்கவாட்டாக, மல்லாக்க எல்லா நிலையிலும் மூச்சு இழுத்துப் பாருங்கள். சில நிலைகளில் கொஞ்சம் குமிழி விடலாம், அது பழுதில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, தூசி மூடியைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டிக்கொண்டே அலசுங்கள். புதுச் சீட்டில் விளிம்பு அழுந்தி இடம் பிடிக்கச் சில தரம் கடலுக்குப் போய் வர வேண்டும். அதற்குள் இடையழுத்தம் சற்று மாறியிருக்கும். ஆகவே முதல் மாத முடிவில் கேஜைத் திரும்பவும் மாட்டி, எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.